நடக்கச் சிரமப்படுகிறவரோடு தீம் பார்க் போகும்போது

நடக்கச் சிரமப்படும் ஒருவரைத் தீம் பார்க்குக்கு அழைத்துப் போகலாமா என்று பேச்சு வந்தாலே வீட்டில் எல்லாரும் கேட்கும் கேள்வி, "வீல்சேர் உள்ளே போகுமா?" பெரும்பாலான பூங்காக்களில் போகும். பாதைகள் அகலமாக இருக்கும், குழந்தை வண்டிகளுக்காகப் போட்ட சரிவுகளும் இருக்கும். ஆனால் வீல்சேர் உள்ளே போய்விட்டால் மட்டும் அதில் இருப்பவர் ஒரு ரைடில் உட்கார்ந்து மகிழ்ந்துவிட முடியாது. வீல்சேர் இருக்கைக்கும் ரைடின் இருக்கைக்கும் நடுவே ஓர் அடி தூரம் இருக்கிறது. அந்த ஓர் அடியைத் தாண்டவும், திரும்பி வரவும் வழி தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

நான் அழைத்துப் போவது என் பெரியம்மாவை. பக்கவாதம் வந்ததில் அவருடைய இடது கையும் காலும் தளர்ந்துவிட்டன. வீட்டுக்குள் கைத்தடியோடு நடப்பார். பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் நிற்பார். கொஞ்சம் தூரம் என்றாலும் வீல்சேர்தான். உங்கள் வீட்டில் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம், இடுப்பு அறுவை சிகிச்சையாக இருக்கலாம், தண்டுவடக் காயமாக இருக்கலாம். சில விவரங்களை மாற்றிக்கொண்டால் போதும், யோசிக்க வேண்டிய விதம் எல்லாருக்கும் ஏறக்குறைய இதேதான்.

எது வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்

"எனக்கென்னடா, நான் ஒரு ஓரமா உட்கார்ந்து உங்க பையெல்லாம் பார்த்துக்கறேன். நீங்க போய் விளையாடிட்டு வாங்க." பெரியம்மா முதலில் சொன்னது இது. அநேகமாக உங்கள் வீட்டுப் பெரியவரும் இதைத்தான் சொல்வார். தயவுசெய்து இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நமக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பி அவரை நிழலில் உட்காரவைத்து, பைகளைக் காலடியில் குவித்துவிட்டுப் போகும் குடும்பங்களை ஒவ்வொரு பூங்காவிலும் பார்க்கிறேன். அவர் பைக்குக் காவலாக வந்தவர் இல்லை. பைக்கு லாக்கர் இருக்கிறது.

"வர்றீங்களா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். நான் கேள்வியை மாற்றிக் கேட்டேன். பூங்காவின் வரைபடத்தையும் ரைடுகளின் வீடியோக்களையும் போனில் காட்டி, "பெரியம்மா, இதுல எதுல ஏறணும்னு இருக்கு உங்களுக்கு?" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், படகு ஒன்றைக் காட்டினார். அப்புறம் ராட்சத ராட்டினத்தில் விரலை வைத்து, "இது ரொம்ப உயரமோ?" என்றார். குரலில் ஆசை தெரிந்தது. அந்த இரண்டையும் வைத்துத்தான் அன்றைய நாளைத் திட்டமிட்டோம். மற்றதெல்லாம் கிடைத்தால் லாபம். நடமாட முடிந்தவர்கள் ஒரு நாளில் ஏறும் அத்தனையிலும் இவரையும் ஏற்ற வேண்டும் என்று கிளம்பினால், ஒன்றையுமே அவரால் ரசிக்க முடியாமல் போய்விடும்.

ஆசை தெரிந்தபின் உடம்பைப் பாருங்கள். சில விஷயங்களை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். பிடிமானத்தோடு எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது? எத்தனை படி ஏற முடிகிறது, எத்தனை படி இறங்க முடிகிறது? இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். முழங்கால் வலி உள்ள பலருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். பிடியை இரண்டு கையாலும் பற்ற முடியுமா? வண்டி குலுங்கினால் கழுத்து தாங்குமா?

எல்லாவற்றையும்விட உதவும் ஓர் அளவு இருக்கிறது. எவ்வளவு தாழ்வான இருக்கையிலிருந்து அவரால் எழ முடிகிறது என்பது. சாதாரண வீல்சேரின் இருக்கை தரையிலிருந்து ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். ரைடுகளின் இருக்கைகள் பல இதைவிடத் தாழ்வானவை. சில வண்டிகளில் கிட்டத்தட்டத் தரையில் காலை நீட்டி உட்காருவது போலிருக்கும். வீட்டில் உயரம் வேறுபட்ட ஸ்டூல், கட்டில், சோபா எல்லாவற்றிலும் உட்காரவைத்து எழச் சொல்லிப் பாருங்கள். எந்த உயரத்துக்குக் கீழே திணறுகிறாரோ அதை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ரைடின் இருக்கையைப் பார்த்ததும் முடியுமா முடியாதா என்று அந்த எண் சொல்லிவிடும்.

மருத்துவரிடம் பொதுவாக "கூட்டிட்டுப் போகலாமா?" என்று கேட்டால் "ஜாக்கிரதையா போயிட்டு வாங்க" என்று பொதுவான பதில்தான் வரும். ஏற நினைக்கும் ரைடுகளின் வீடியோவைக் காட்டிக் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறவருக்குச் சின்ன இடி கூடப் பெரிய ரத்தக்கட்டாகலாம். எலும்பு மெலிந்தவருக்குத் திடீர்க் குலுக்கல் ஆபத்து. இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் பலரை, முதல் சில மாதங்களுக்குத் தாழ்வான இருக்கையில் உட்காரவோ இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கவோ கூடாது என்று எச்சரித்திருப்பார்கள். தீம் பார்க் இருக்கைகளில் பாதி அந்த வகைதான்.

பூங்காவிடம் கேட்க வேண்டியது

பெரிய பூங்காக்கள் தங்கள் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு கையேடு வைத்திருக்கும். ஒவ்வொரு ரைடையும் மூன்றில் ஒரு வகையில் சேர்த்திருப்பார்கள்: வீல்சேரிலேயே இருந்தபடி ஏறலாம், வீல்சேரிலிருந்து மாறி உட்கார வேண்டும், நடந்துதான் ஏற வேண்டும். கையேடு இல்லாத இடத்தில் போன் செய்து இந்த மூன்றையும் சொல்லியே கேளுங்கள். "ஊனமுற்றோருக்கு வசதி உண்டா?" என்று கேட்டால் எங்கேயும் "உண்டு சார்" என்றுதான் சொல்வார்கள்.

இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. "ரைடு பாதியில் நின்றுவிட்டால் எப்படி இறக்குவீர்கள்?" மின்சாரம் போய், அல்லது சென்சார் ஏதோ தடங்கல் காட்டி ரைடு உயரத்தில் நிற்பது நடக்கக்கூடியதுதான். அப்போது பக்கத்தில் இருக்கும் குறுகலான இரும்புப் படிகளில் இறங்கி வர வேண்டியிருக்கும். ஏறுமிடத்தில் ஒரு படிகூட இல்லாத ரைடில் உங்கள் ஆளை அனுமதிக்க மறுக்கிறார்களே என்று கோபம் வரும். பெரும்பாலும் காரணம் இந்த அவசரப் படிகள்தான். இது தெரிந்திருந்தால் வாசலில் சண்டை போட வேண்டியதில்லை. முன்பே கேட்டிருந்தால் அந்த ரைடைக் காட்டி அவருக்கு ஆசை ஊட்டவும் வேண்டியதில்லை.

ஊழியர்கள் தூக்கி உட்காரவைப்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். வண்டியை நிறுத்தித் தருவார்கள், கதவைப் பிடித்துக்கொள்வார்கள், ஆனால் ஆளைத் தொட்டுத் தூக்க அவர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் அனுமதி கிடையாது. உங்களோடு வருகிறவர்களில் தூக்கி மாற்றத் தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும், இருவர் இருந்தால் நிம்மதி.

வரிசை விஷயமும் அப்படியே. வீல்சேர் இருந்தால் நேராக முன்னால் விட்டுவிடுவார்கள் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பல பூங்காக்களில் வரிசைப் பாதையே வீல்சேர் போகும் அகலத்தில் இருக்கும், எல்லாரோடும் சேர்ந்து காத்திருக்க வேண்டியதுதான். சில இடங்களில் நேரம் குறித்துச் சீட்டுக் கொடுத்து, அந்த நேரத்துக்கு வரச் சொல்வார்கள். விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்கள் வரிசையில் நிற்காமல் காத்திருக்கத் தரும் சலுகையை 2024-இல் சுருக்கி, முக்கியமாக ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கானதாக ஆக்கிவிட்டன. நடக்க முடியாததற்காக மட்டும் அது கிடைக்கும் என்று எண்ணிப் போனவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். போன வருடம் போய்வந்த நண்பர் சொன்னதை நம்பாமல் போவதற்கு முந்தின வாரம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் ஏதாவது கேட்பார்களா, முன்பதிவு வேண்டுமா என்பதையும் சேர்த்து.

சட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே வசதியும் வருகிறது. அமெரிக்காவின் 2010 அணுகல் தரவிதிகளின்படி, புதிதாகக் கட்டும் பெரும்பாலான ரைடுகளில் வீல்சேர் நிற்க இடமோ, வீல்சேரிலிருந்து மாறி உட்காரத் தோதான இருக்கையோ, மாற்றி உட்காரவைக்கும் கருவியோ ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். அதே 2010-இல் டெக்சாஸின் சான் அந்தோனியோவில் மார்கன்ஸ் வொண்டர்லேண்ட் திறந்தது. கோர்டன் ஹார்ட்மன் என்பவர் தன் மகளை மனத்தில் வைத்து உருவாக்கிய பூங்கா. மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவு இலவசம், வீல்சேரோடு ஏறும் ராட்டினம் இருக்கிறது. 2017-இல் பக்கத்திலேயே ஒரு நீர்ப் பூங்காவும் திறந்தார்கள். அங்கே பேட்டரி இல்லாமல் அழுத்தக் காற்றில் ஓடும், தண்ணீரில் நனைந்தாலும் கெடாத வீல்சேர்கள் தருகிறார்கள். எல்லாரும் அங்கே போக முடியாது. ஆனால் வேறெங்காவது ஒரு ஊழியர் "இதெல்லாம் செய்யவே முடியாதுங்க" என்று சொல்லும்போது, முடியும் என்று எனக்குத் தெரிந்திருப்பது பேசத் தெம்பைத் தருகிறது.

அந்த ஓர் அடி

இனி முக்கியமான வேலை. நான் செய்வதை அப்படியே சொல்கிறேன். உங்கள் ஆளுக்கு ஏற்ற முறையை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் கற்றுக்கொள்வது அவசியம்.

பெரியம்மாவுக்கு வலது பக்கம்தான் பலம். அதனால் ரைடின் இருக்கை அவருக்கு வலப்புறம் வரும்படி வீல்சேரை நிறுத்துவேன், சற்றே சாய்வாக. இரண்டு பிரேக்கையும் போட்டு நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பேன். கால் பலகைகளை மடக்கி ஒதுக்கிவிட வேண்டும், அதில் தடுக்கித்தான் பலர் விழுகிறார்கள். பக்கத்துக் கைப்பிடி கழற்றும் வகையாக இருந்தால் ரைடு பக்கத்ததைக் கழற்றிவிடுவது நல்லது. அப்புறம் அவர் இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து வருவார். பாதம் இரண்டும் தரையில் நன்றாகப் பதிந்து, முழங்காலுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். இப்போது மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை முன்னால் குனிய வேண்டும். இங்கேதான் பயம் வரும். முன்னால் குனிந்தால் விழுந்துவிடுவோம் என்று தோன்றி உடம்பு பின்னால் இழுக்கும். பின்னால் சாய்ந்தபடி எழ முயன்றால் முழு எடையும் நம் கையில் வந்து நிற்கும். குனிந்தால் எடை தானாகப் பாதத்துக்கு மாறி, இடுப்பு லேசாக எழும்பும். பெரியம்மாவுக்கு இது பழகக் கொஞ்ச காலம் ஆயிற்று. இப்போது "மூக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குனிந்துவிடுவார்.

நான் அவருக்கு எதிரே நின்று, தளர்ந்த இடது முழங்கால் மடங்கிவிடாமல் என் முழங்காலால் அணை கொடுப்பேன். என் கைகள் அவர் இடுப்பில் கட்டிய அகலமான பெல்ட்டில் இருக்கும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கவே கூடாது. பக்கவாதம் வந்த தோள் மூட்டு தளர்ந்திருக்கும். அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு நழுவி மாதக்கணக்கில் வலிக்கும். உதவ வருகிற நல்ல மனிதர்கள் முதலில் செய்வது அந்தக் கையைப் பிடிப்பதுதான். அதனால் யாராவது நெருங்கினாலே "கையைத் தொடாதீங்க, வண்டியை மட்டும் பிடிச்சுக்கோங்க" என்று முன்கூட்டிச் சொல்லிவிடுவேன்.

எண்ணுவது பெரியம்மா. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவர் சொல்லும் மூன்றில்தான் எழுவோம். நான் எண்ணினால் அவர் உடம்பு தயாராவதற்குள் இழுத்துவிடுவேன். எழுந்ததும் ஒரு மூச்சு நிற்போம். பிறகு சின்னச் சின்ன அடியாக வலப்புறம் நகர்ந்து, தொடையின் பின்புறம் இருக்கையில் படுவது தெரிந்தபின் மெதுவாக உட்காருவார்.

இப்போது இறங்குவது. ரைடு முடிந்து, ஏறிய அதே பக்கம் இறங்க வேண்டியிருந்தால் வீல்சேர் அவருக்கு இடப்புறம் இருக்கும், அதாவது தளர்ந்த பக்கம். ஏறும்போது சுலபமாக இருந்தது, இறங்கும்போது இருமடங்கு கடினமாகிவிடும், அதுவும் உடம்பு குலுங்கிக் களைத்த பிறகு. ஆனால் பல ரைடுகளில் ஒரு மேடையிலிருந்து ஏறி மறுபக்க மேடையில் இறங்குவார்கள். வண்டிக்கு இடப்புறம் ஏறுமிடம், வலப்புறம் இறங்குமிடம் என்றால் பெரியம்மாவுக்கு அது வரம். ஏறும்போதும் வலப்புறம் நகர்கிறார், இறங்கும்போதும் வலப்புறமே நகர்கிறார். நேர் எதிராக அமைந்த ரைடு என்றால் இரண்டுமே தளர்ந்த பக்கம், அதை நான் தவிர்த்துவிடுவேன். ஒரு பக்கம் பலவீனமான யாரை அழைத்துப் போனாலும், ரைடின் முன் நின்று இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எந்தக் கையேட்டிலும் இதைப் போடுவதில்லை. மறுபக்கம் இறங்கும் ரைடு என்றால், உட்கார்ந்ததும் காலி வீல்சேரை அந்தப் பக்கம் கொண்டுவருவது யார் என்று ஊழியரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இறங்க வேண்டிய நேரத்தில் வீல்சேர் எதிர் மேடையில் நிற்பதைவிட எரிச்சல் வேறில்லை.

நிற்கவே முடியாதவருக்கு வழுவழுப்பான மாற்றுப் பலகை ஒன்று உண்டு. ஒரு முனை வீல்சேரில், மறுமுனை ரைடு இருக்கையில், அதன்மேல் உட்கார்ந்தபடியே நகரலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால்தான் இது சரிப்படும்.

இதற்கெல்லாம் ஒத்திகை பார்க்கச் சிறந்த இடம் கார். தாழ்வான இருக்கை, தாண்ட வேண்டிய விளிம்பு, தலை இடிக்கும் கூரை என்று ரைடில் இருக்கும் எல்லாத் தொந்தரவும் அதில் இருக்கிறது. முன் சீட்டுக்கு ஒரு பக்கமும் பின் சீட்டுக்கு மறுபக்கமுமாக மாறி மாறிப் பழகுங்கள். படகு போல விளிம்பு உயரமான ரைடுகளில் காலைத் தூக்கித் தாண்டச் சொல்லாதீர்கள். விளிம்பிலேயே ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தால் வேலை சுலபம்.

எதில் ஏறலாம்

குதிரை ராட்டினத்தில் குதிரைகளுக்கு நடுவே தேர் போன்ற பெஞ்சு இருக்கைகள் இருக்கும். குதிரையில் ஏற முடியாதவர்களுக்கு அது போதும். ராட்சத ராட்டினத்தில் கூண்டுக்குள் வீல்சேர் போகுமா என்று பாருங்கள். லண்டன் ஐ போன்ற பெரிய ராட்டினம் ஆள் ஏறும்போதும் நிற்காமல் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும், கேட்டால் வேகத்தைக் குறைத்தோ நிறுத்தியோ வீல்சேரை ஏற்றுவார்கள். தொடர் சங்கிலியாக வண்டிகள் நகரும் இருட்டறை ரைடுகளிலும் இப்படித்தான். ஓடும் நடைமேடையில் கால் வைத்து ஏற வேண்டும் என்று பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள், மேடையை நிறுத்தித் தரக் கேளுங்கள். டிஸ்னிலேண்டின் "இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்" ரைடில் வீல்சேரோடு ஏறத் தனிப் படகே இருக்கிறது. அதுபோல ஒதுக்கிய வண்டி ஏதாவது இருக்கிறதா, அது எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வரும் என்று விசாரியுங்கள்.

தடுப்புக் கம்பியில் ஒரு நுணுக்கம் உண்டு. இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பி மடிமேல் இறங்கும் வண்டியில், அது பருமனானவரின் தொடையோடு நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் ஒல்லியான பெரியவருக்கு இடைவெளி விட்டுத் தொளதொளவென்று இருக்கும். உடல்வாகு ஒத்தவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள், அல்லது ஒவ்வொருவருக்கும் தனிக் கம்பி உள்ள ரைடாகப் பாருங்கள். வேகமாக வளையும் ரைடில் எல்லாரும் வளைவின் வெளிப்பக்கம் தள்ளப்படுவோம். வெளிப்பக்கம் உட்கார்ந்தவர் மேல் உள்ளே இருப்பவரின் எடையும் சேர்ந்து விழும். அதனால் பெரியவரை உள்பக்கம் உட்காரவையுங்கள், வெளிப்பக்கம் நீங்கள்.

மோதும் கார் பார்க்கச் சாதுவாகத் தெரியும். கழுத்தும் முதுகும் சரியில்லாதவருக்கு அது வேண்டாம் என்பேன். எப்போது எந்தப் பக்கமிருந்து இடி வரும் என்று தெரியாது, உடம்பு தயாராக இருக்க வழியில்லை.

தண்ணீர்ப் பகுதியை "வழுக்கும், வேண்டாம்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். வழுக்கும் என்பது உண்மைதான், முக்கியமாகக் கைத்தடியின் அடி ரப்பர் தேய்ந்திருந்தால். கிளம்புமுன் புது ரப்பர் மாட்டிவிடுங்கள். ஆனால் படியே இல்லாமல் கடற்கரை போலச் சரிந்து ஆழமாகும் குளம் இருந்தால், பூங்கா தரும் நனையும் வீல்சேரில் உள்ளே தள்ளிப் போகலாம். இடுப்பளவுத் தண்ணீரில் கால்கள் தாங்க வேண்டியது உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான், மார்பளவில் இன்னும் குறைவு. அலை இல்லாத மூலையில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெரியம்மா கைத்தடி இல்லாமல் நடந்தார். என் கை வெறுமனே பக்கத்தில் இருந்தது. "பிடிக்காதடா, நானே போறேன்" என்றார். அன்றைக்கு ராட்டினம்கூட அப்புறம்தான்.

தள்ளுகிறவருக்கு

வீல்சேரை முந்தின நாளே பாருங்கள். காற்றடிக்கும் டயர் என்றால் காற்று குறைந்தால் தள்ளுவது கனமாவதோடு பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. டயரை அழுத்திப் பிடிப்பதுதான் அந்த பிரேக்கின் வேலையே. செங்குத்தான சரிவில் இறங்கும்போது வீல்சேரைத் திருப்பி, நீங்கள் முன்னால் பின்னோக்கி நடந்து இறக்குங்கள், அவர் முன்னால் சரிந்து விழமாட்டார். தண்டவாளம், வடிகால் கம்பி வலை போன்றவற்றை நேர்க்குத்தாகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சின்னச் சக்கரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். பல நாடுகளின் விதிப்படி ஒரு அடி உயரம் ஏறும் சாய்தளம் குறைந்தது 12 அடி நீளம் இருக்க வேண்டும். கண்ணுக்கே அதைவிடச் செங்குத்தாகத் தெரிந்தால் தனியாகத் தள்ளாதீர்கள்.

பூங்காவில் பேட்டரி ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கலாம். எண்ணிக்கை குறைவாக இருக்கும், காலையிலேயே தீர்ந்துவிடும். ஒரு கையால் ஓட்ட முடிகிறதா என்று கூட்டம் இல்லாத இடத்தில் ஓட்டிப் பார்த்த பிறகு எடுங்கள்.

பெரியவரிடம் கேட்க வேண்டியதை ஊழியர்கள் நம்மிடம் கேட்பார்கள். "இவங்க ஏறுவாங்களா?" என்று என்னிடம் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. பெரியம்மாவைப் பார்ப்பேன், அவர் பதில் சொல்வார். இரண்டாவது கேள்வியிலிருந்து ஊழியரும் அவரிடமே பேசத் தொடங்கிவிடுவார்.

அவர் ஏற முடியாத ரைடில் மற்றவர்கள் ஏறட்டும், ஆனால் ஒருவர் எப்போதும் அவரோடு இருக்க வேண்டும். முதல் குழு இறங்கியதும் காத்திருந்தவரை மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறவிடும் ஏற்பாடு பல பூங்காக்களில் உண்டு. குழந்தைகளோடு வருகிறவர்களுக்காக வைத்தது. நமக்கும் பொருந்துமா என்று கேளுங்கள்.

வெயிலும் கழிப்பறையும்

இரண்டையும் சேர்த்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. கழிப்பறை போவது தொல்லை என்பதால் பெரியவர்கள் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். "தாகமில்லை" என்பார்கள். வெயிலில் மணிக்கணக்காக இருக்கும் நாளில், அதுவும் நீர் பிரிக்கும் மாத்திரை போடுகிறவர் என்றால், மயக்கத்தில் கொண்டுபோய் விடும். குடியுங்கள் என்று வற்புறுத்திப் பயனில்லை. கழிப்பறை பற்றிய பயத்தைப் போக்கினால் அவரே குடிப்பார். நுழைந்ததும் முதல் வேலையாக, வீல்சேர் போகும் கழிப்பறை ஒன்றை அவரோடு சேர்ந்து போய்ப் பார்த்துவிடுவோம். வீல்சேர் திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் இருக்கிறதா, கைப்பிடி பலமான பக்கம் இருக்கிறதா, கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா? உள்ளே திறக்கும் கதவென்றால், அவர் விழுந்து கதவின்மேல் கிடந்தால் நம்மால் திறக்க முடியாது. ஆணும் பெண்ணுமாக உதவிக்குப் போக வேண்டியிருந்தால் குடும்பக் கழிப்பறை எங்கே என்று கேட்டுவையுங்கள். படுக்கவைத்து உடை மாற்ற வேண்டியவர்களுக்குத் தூக்கு கருவியும் பெரியவர் அளவு மேசையும் உள்ள அறைகள் பிரிட்டனில் 2006 முதல் "சேஞ்சிங் பிளேசஸ்" என்ற பெயரில் பரவி வருகின்றன. மற்ற இடங்களில் முதலுதவி அறைக் கட்டிலைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

தண்டுவடக் காயம் உள்ள பலருக்குக் காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, உடம்பு சூடாவது வெளியே தெரியாது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் நரம்பு நோய்) உள்ளவருக்குச் சூடு ஏறினால் கால் இன்னும் தளரும். இவர்களுக்கெல்லாம் நடுப்பகலில் குளிர்சாதன அரங்கக் காட்சிதான் சரி. வெயிலில் நிறுத்திய வீல்சேரின் கம்பியையும் இருக்கையையும் தொட்டுப் பார்க்காமல் உட்காரவைக்காதீர்கள், உணர்ச்சி குறைந்த காலுக்குச் சுடுவது தெரியாது.

தொடர்ந்து உட்கார்ந்தே இருப்பதில் தோல் புண்ணாகும். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் சாய்ந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ எடையை மாற்றச் சொல்லுங்கள். நாங்கள் ஒவ்வொரு ரைடு முடிந்ததும் ஒரு ஓரமாக நின்று இதைச் செய்கிறோம், கணுக்காலையும் மேலும் கீழும் ஆட்டச் சொல்வேன், வீக்கம் குறையும்.

அவர் களைத்துவிட்டாரா என்று கேட்டால் "இல்லையே" என்பார். நான் பார்ப்பது அவர் எழும் விதத்தை. காலையில் ஒரே முயற்சியில் எழுந்தவர் இரண்டாவது முயற்சியில் எழுந்தால், அதற்கு மேல் மாறி உட்கார வேண்டிய ரைடு கிடையாது. வீல்சேரிலேயே இருந்து பார்க்கும் காட்சிகள், ஊர்வலம் இவைதான். அவர் எதை முக்கியம் என்றாரோ அதைக் காலையிலேயே முடித்துவிடச் சொல்வது இதனால்தான். மூடும் நேரம்வரை இருக்காதீர்கள். மொத்தக் கூட்டமும் ஒரே வாசலுக்கு நெருக்கும்போது வீல்சேரில் இருப்பவரின் கண் மட்டத்தில் பிறர் பைகளும் முழங்கைகளும்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் உட்காருமிடம், குதிகால், பெல்ட் பட்ட இடுப்பு, தடுப்புக் கம்பி பட்ட தொடை ஆகியவற்றைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் சரியாகிவிடும். அழுத்தியும் வெளுக்காத சிவப்பு, அரை மணி நேரத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால் அந்த இடத்தில் எடை விழாமல் படுக்கவைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். கறுத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். மறுநாளுக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். வலி அன்றைக்கு வராமல் மறுநாள் காலையில்தான் பலருக்கு வரும். ஏறிய ரைடுகளின் பெயர், இருக்கை உயரம், எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்கினோம் என்பதை அன்றிரவே போனில் எழுதிவைத்துவிடுங்கள், அடுத்த முறை வேறு யாராவது அவரை அழைத்துப் போனாலும் உதவும்.